மூன்று வேட்பாளர்களும் அரசுப் பள்ளியை உயர்த்துவேன் என்கிறார்கள்: எதை வைத்து ஒப்பிடுவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கி எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். உங்கள் மகள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். ஓட்டுக் கேட்டு வந்த மூன்று பேருமே அரசுப் பள்ளிதான் தங்கள் உயிர் என்றார்கள். ஒருவர் நீட்டை ஒழிப்போம் என்றார். இன்னொருவர் மூன்றாவது மொழி வந்தால்தான் ஏழைப் பிள்ளைக்கு நியாயம் என்றார். மூன்றாமவர் ஜெயித்தால் சொந்தச் செலவில் ஸ்மார்ட் வகுப்பறை என்றார். இந்த மூன்றையும் எப்படி எடைபோடுவது என்பது உங்கள் கேள்வி.

முப்பத்துநான்கு வருஷம் அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்தவன், அதில் கடைசி ஒன்பது வருஷம் தலைமை ஆசிரியர். தேர்தல் பணிக்கும் போகாத தேர்தல் இல்லை. ஓட்டுப் பெட்டி காலத்திலிருந்து இயந்திரக் காலம்வரை பார்த்தாயிற்று. யாருக்குப் போடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. இந்த மூன்று பேச்சும் மூன்று வேறு அலுவலகங்களின் வேலை. முதலில் அதைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நீட்டிலிருந்து தொடங்குகிறேன். மேடையில் அதிகம் கைதட்டு வாங்குவதும் அதுதான், சட்டமன்ற உறுப்பினர் கையில் மிகக் குறைவாக இருப்பதும் அதுதான். 2017 பிப்ரவரியில் அ.தி.மு.க. ஆட்சியில் நீட் விலக்குக் கேட்டு இரண்டு மசோதாக்கள் நிறைவேறின. குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்கவில்லை. 2021 தேர்தலில் தி.மு.க. நீட்டை ஒழிப்பதாகச் சொல்லி வந்தது. நீட்டின் பாதிப்பை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு அறிக்கை தந்தது, அந்த ஆண்டு செப்டம்பர் 13 அன்று மசோதா நிறைவேறியது. ஆளுநர் 2022 பிப்ரவரியில் திருப்பி அனுப்பினார், சட்டமன்றம் அதே மாதம் மீண்டும் நிறைவேற்றி அனுப்பியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்துவிட்டதாக முதல்வர் ஸ்டாலின் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் சொன்னார். ஆக, இரண்டு கட்சியும் அதே கதவைத் தட்டி, அதே பதிலோடு திரும்பியிருக்கின்றன. பா.ம.க., நாம் தமிழர், புதிதாக வந்த த.வெ.க. எல்லாமே நீட்டை எதிர்க்கின்றன. தேர்வை ஆதரிக்கும் பா.ஜ.க.வை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்ட இந்தக் கேள்வி உதவும். மற்றவர்களுக்குள் யார் மேல் என்று கண்டுபிடிக்க உதவாது.

அதே விஷயத்தில் மாநிலம் தன் கையால் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. 2020இல் எடப்பாடி பழனிசாமி அரசு, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொண்டுவந்தது. நீதிபதி கலையரசன் குழு 10 விழுக்காடு பரிந்துரைத்தது, அமைச்சரவை 7.5 என்று முடிவு செய்தது. ஆளுநர் கையெழுத்துப் போடாமல் இழுத்தபோது, அக்டோபர் 29 அன்று அரசாணையாகவே வெளியிட்டுவிட்டார்கள். மறுநாள் ஒப்புதலும் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய அரசுப் பள்ளிப் பிள்ளைகள்தான் மருத்துவம் சேர்ந்தார்கள். முதல் ஆண்டிலேயே மருத்துவம், பல் மருத்துவம் சேர்த்துச் சுமார் 400 இடம் கிடைத்தது. அடுத்து வந்த தி.மு.க. அரசு இதில் கை வைக்கவில்லை. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் என்று விரித்தது. என் கணக்கில் இந்தப் பத்தாண்டில் அரசுப் பள்ளிக்கு நடந்த மிக உருப்படியான காரியங்களில் இது ஒன்று, இரண்டு கட்சிக்கும் பங்கு உண்டு. அதனால் நீட் பேசும் வேட்பாளரிடம், "சரி, டெல்லி மறுபடியும் முடியாது என்றால் நீங்கள் இங்கே என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். 7.5 என்ற எண்ணாவது அவர் வாயில் வருகிறதா பாருங்கள்.

இரண்டாமவரின் மூன்றாவது மொழி. அவர் சொல்வதில் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன்: சி.பி.எஸ்.இ. பள்ளியில் பணம் கட்டுகிறவரின் பிள்ளை இந்தி படிக்கிறது, கூலிக்காரர் பிள்ளைக்கு மட்டும் ஏன் இல்லை? 2025இல் பா.ஜ.க. வீடுவீடாகக் கையெழுத்து வாங்கியபோது வைத்த வாதம் இதுதான். எதிர்ப்பக்கம் சொல்வது, 1968இல் அண்ணா காலத்தில் சட்டமன்றம் எடுத்த இருமொழி முடிவோடுதான் தமிழ்நாடு உயர்கல்வியில் இந்த இடத்துக்கு வந்தது என்று. 2020 ஆகஸ்டில் பழனிசாமியும் மும்மொழியை ஏற்க மாட்டோம் என்று அறிவித்தார், தி.மு.க. அரசு 2025 ஆகஸ்டில் வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையும் இருமொழிதான் என்கிறது. த.வெ.க., நாம் தமிழர் நிலையும் மும்மொழிக்கு எதிரானதே.

இதில் எல்லாரும் ஒரு இடத்தில் மௌனமாகிவிடுகிறார்கள். மும்மொழியைச் சொல்லும் ஒன்றிய அரசின் தேசியக் கல்விக் கொள்கை, முடிந்தவரை ஐந்தாம் வகுப்புவரை தாய்மொழியில் சொல்லிக்கொடு என்கிறது. தமிழுக்காகப் பேசும் நம் ஆட்சிகள்தான் 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகளைத் திறந்து வளர்த்தன. பெற்றோர் கேட்டார்கள், திறந்தார்கள். அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் தமிழ்வழிக்கு முன்னுரிமை என்பவரிடம் ஆங்கிலவழிப் பிரிவை என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும். மும்மொழி என்பவரிடம், 37,000க்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் அந்த மூன்றாவது மொழியை யார் நடத்துவார், அவருக்கு யார் சம்பளம் தருவார் என்று கேட்க வேண்டும். தமிழுக்கும் கணக்குக்குமே ஆள் போதாத பள்ளியில் இருந்து வந்தவன் நான்.

இதோடு ஒட்டியதுதான் பணச் சண்டை. சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 என்று போடும். பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்தில் கையெழுத்திட்டு, அதன் வழியே தேசியக் கல்விக் கொள்கையையும் ஏற்கவில்லை என்பதால் 2024-25க்கான 2,152 கோடி ரூபாய் அப்போது நிறுத்திவைக்கப்பட்டது. 2025 மே மாதம் மாநிலம் உச்ச நீதிமன்றம் போனது. கட்டாயக் கல்விச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நடக்கும் 25 விழுக்காடு சேர்க்கையும் அந்த ஆண்டு இதில் மாட்டித் தாமதமானது. 2024 மார்ச்சில் தலைமைச் செயலாளரே ஒப்பந்தத்துக்குத் தயார் என்று கடிதம் எழுதினாரே என்று பா.ஜ.க. கேட்கிறது. குழு அமைத்து ஆராய்ந்து முடிவெடுப்போம் என்றுதான் எழுதினோம், கொள்கையை ஏற்றதாக அர்த்தமில்லை என்கிறது தி.மு.க. பக்கம். கேரளத்தின் இடதுசாரி அரசு 2025 அக்டோபரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கூட்டணிக்குள் எதிர்ப்பு வந்ததும் ஒரே வாரத்தில் நிறுத்திவைத்ததையும் சேர்த்துப் பாருங்கள். கொள்கையும் பணமும் மோதினால் எந்தக் கட்சியும் நெளியும்.

அதனால் வேட்பாளரின் கட்சியோடு நிறுத்தாமல் கூட்டணியையும் பாருங்கள். மும்மொழி வேண்டாம் என்னும் அ.தி.மு.க., 2025 ஏப்ரலில் பா.ஜ.க.வோடு மீண்டும் சேர்ந்தது. நீட்டை எதிர்க்கும் தி.மு.க., 2021 தேர்தலில் காங்கிரஸோடு கூட்டணி வைத்து நின்றது. 2010இல் நீட்டுக்கான முதல் அறிவிக்கை வந்தபோது டெல்லியில் ஆண்டது காங்கிரஸ் கூட்டணி, அதில் தி.மு.க.வும் இருந்தது. இரண்டு தரப்பும் இதைச் சொல்லி ஒன்றையொன்று குத்திக்கொள்ளும், இரண்டும் உண்மைதான். கூட்டணிக் கட்சி நிர்ப்பந்தித்தால் எங்கே நிற்பீர்கள் என்ற கேள்விக்கு வேட்பாளர் தடுமாறினால், அந்தத் தடுமாற்றத்தையும் பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் மகளின் வகுப்பறைக்கு வருவோம். அங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஆசிரியர் இருக்கிறாரா, எத்தனை பேர், என்ன மனநிலையில் என்பதுதான். வேட்பாளர்களைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே நல்ல சல்லடை இதுதான், ஏனென்றால் இதற்கு மாதாமாதம் பணம் போக வேண்டும். கட்டடம் ஒருமுறைச் செலவு. ரிப்பன் வெட்டலாம், கல்வெட்டில் பெயர் போடலாம். ஒரு நிரந்தர ஆசிரியர் நியமனம் என்பது அரசுக்கு முப்பது வருஷச் செலவு, கல்வெட்டும் கிடையாது.

2021 தேர்தலை எடுத்துக்கொள்கிறேன், வாக்குறுதிக்கு என்ன ஆனது என்று அதில் பார்க்க முடியும். தி.மு.க. தேர்தல் அறிக்கையின் மூன்று வாக்குறுதி எண்கள் ஆசிரியர்களுக்கு மனப்பாடம்: 181, 309, 311. 181 என்பது பகுதிநேர ஆசிரியர்களைப் பணி நிரந்தரம் செய்வது. 2012இல் ஓவியம், தையல், உடற்பயிற்சி, கணினி என்று 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு அ.தி.மு.க. அரசு எடுத்தது. 2024இல் அது 12,500 ஆனது. பன்னிரண்டு வருஷத்தில் 7,500 ரூபாய் உயர்வு. 309 பழைய ஓய்வூதியம். 2003 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்தவர்களுக்கு அதை நிறுத்தியது ஜெயலலிதா அரசு. மீட்போம் என்ற தி.மு.க., ஆட்சிக்கு வந்து ஏறத்தாழ நான்காம் ஆண்டு முடிகிற நேரத்தில், 2025 பிப்ரவரியில், ஆராயக் குழு அமைத்தது. 311 சம வேலைக்குச் சம ஊதியம். 2009 மே 31க்குள் சேர்ந்த இடைநிலை ஆசிரியரின் அடிப்படைச் சம்பளம் 8,370, மறுநாள் ஜூன் 1 சேர்ந்தவருக்கு 5,200. இந்தப் பள்ளம் விழுந்தது தி.மு.க. ஆட்சியில். சரிசெய்வோம் என்றவர்கள், ஆசிரியர்கள் உண்ணாவிரதம் இருந்த பிறகு 2023 ஜனவரியில் ஒரு குழு அமைத்தார்கள். பெரும்பாலும் எழுதி ஒட்டிய வாக்குறுதி குழுவாக மாறும் இடம் இதுதான், எந்தக் கட்சி வந்தாலும்.

காலிப் பணியிடங்களிலும் அப்படியே. 2022இல் 13,331 இடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்பச் சொன்னார்கள். இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000 ரூபாய் மாதச் சம்பளம். பி.எட். முடித்து தகுதித் தேர்வும் எழுதிய ஒரு பெண், துணிக்கடையில் நின்றால் கிடைக்கிற காசுக்கு வகுப்பெடுக்க வருகிறார். நல்ல பிள்ளைகள், உழைத்தார்கள். ஆனால் ஏப்ரலில் ஒப்பந்தம் முடிந்து போய்விடுவார்கள், ஜூனில் வேறு முகம். அதற்கும் மேல், 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் தகுதித் தேர்வு தேற வேண்டும் என்று சொல்லிவிட்டது. அடுத்து எந்த ஆட்சி வந்தாலும் இது மேசையில் இருக்கும். உங்கள் வேட்பாளருக்கு இது தெரிந்திருக்கிறதா என்பதே ஒரு சோதனை.

பணமே ஒதுக்கவில்லை என்று சொல்ல முடியாது. பள்ளிக் கல்விக்கு 2021-22 நிதிநிலை அறிக்கையில் சுமார் 32,600 கோடி, 2025-26இல் 46,767 கோடி. இந்த எண்ணை ஆளும் கட்சி வேட்பாளர் சொல்வார். இதில் பெரும்பங்கு சம்பளமும் அகவிலைப்படியும், அது ஆண்டுதோறும் தானாக ஏறும். உயர்வில் எவ்வளவு புது ஆசிரியருக்கு என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

அப்புறம், எந்தத் திட்டம் ஆட்சி மாறியும் நிற்கிறது என்று பாருங்கள். எம்.ஜி.ஆர். 1982இல் தொடங்கிய சத்துணவில் கருணாநிதி முட்டை சேர்த்தார், யாரும் நிறுத்தவில்லை. அந்த வரிசையில் இப்போது காலை உணவு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும், அடுத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் போனது. பசியோடு வந்து முதல் பாடவேளையிலேயே மேசையில் தலைசாய்க்கும் பிள்ளைகளை வருஷக்கணக்காகப் பார்த்தவன் என்பதால், உப்புமாவைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. எதிர்க்கட்சி வேட்பாளரிடம், ஜெயித்தால் இது தொடருமா என்று நேராகக் கேளுங்கள். இதற்கு எதிரான உதாரணங்களும் உண்டு. எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம் என்று தி.மு.க. கொண்டுவந்த சமச்சீர் கல்வியை 2011இல் வந்த அ.தி.மு.க. தள்ளிவைக்கப் பார்த்தது, ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. ஜூனில் பள்ளி திறந்தும் புத்தகம் இல்லாமல் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தோம். 2019இல் அ.தி.மு.க. அரசு ஐந்தாம், எட்டாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என்றது, 2020 பிப்ரவரியில் அதுவே திரும்பப் பெற்றது. அ.தி.மு.க. கொண்டுவந்த பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு தி.மு.க.வின் கல்விக் கொள்கையில் போய்விட்டது. மேடையில் "மாற்றுவோம்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்த 2011 ஜூன்தான் ஞாபகம் வரும்.

யாருமே பேசாத விஷயம் ஒன்று உண்டு, பிள்ளை வாசிக்கிறதா என்பது. அசர் என்ற கிராமப்புற ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2022இல் நூற்றுக்கு ஐந்து பேர் அளவு. 2024இல் 12 பேர் அளவு. கொரோனா அடித்த அடி அது, மீண்டு வருகிறோம். இதற்காகத்தான் 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் என்ற அடிப்படை வாசிப்பு, கணக்குப் பயிற்சித் திட்டம் வந்தது. உங்கள் மகளும் அந்தப் பயிற்சி நூலோடுதான் முதல் வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். அது போதுமானதா, ஆசிரியருக்குப் பதிவேற்ற வேலைதான் கூடியதா என்று விவாதிக்க நிறைய இருக்கிறது. வாசிப்புக்காக ஓட்டுக் கேட்ட வேட்பாளரை நான் இதுவரை பார்க்கவில்லை. எதிர்க்கட்சிகளும் இதைக் கையில் எடுப்பதில்லை, ஏனோ.

கடைசியாக உங்கள் தொகுதி. சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. அதில் வகுப்பறை, கழிப்பறை, சுற்றுச்சுவர் கட்டலாம். ஆசிரியரை நியமிக்க முடியாது. ஆனால் சட்டமன்றத்தில் கேள்வி கேட்கலாம், பள்ளிக் கல்வி மானியக் கோரிக்கையின்போது பேசலாம். இப்போதைய உறுப்பினரே மறுபடி நிற்கிறார் என்றால் இந்த ஐந்து வருஷத்தில் எத்தனை பள்ளிக்கு நிதி போனது, அவையில் என்ன கேட்டார் என்று கேளுங்கள். புதியவர் என்றால் உங்கள் பள்ளியில் எத்தனை ஆசிரியர் என்று தெரியுமா என்பதே போதும். கட்டாயக் கல்விச் சட்டப்படி 60 பிள்ளைகள்வரை தொடக்கப் பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்தான். ஐந்து வகுப்பு, இரண்டு பேர், அதில் ஒருவர் தலைமை ஆசிரியர். அவர் பாதி நாள் கூட்டத்திலும் கணினியிலும் இருப்பார். தனியார் பள்ளி வேன் ஊருக்குள் வர இதைவிட வேறு காரணம் வேண்டாம். "வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று உங்கள் கட்சி எழுதிக் கொடுக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

ஸ்மார்ட் வகுப்பறைக்காரரைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நான் இருந்த ஒரு பள்ளிக்கும் அப்படி ஒருவர் தேர்தல் முடிந்து திரையும் புரொஜெக்டரும் வாங்கிக் கொடுத்தார், பத்திரிகையில் படமும் வந்தது. முதல் மழைக்குக் கூரை ஒழுகியது, அதைக் கழற்றிப் பீரோவில் வைத்தோம். பல்பு மாற்ற எந்தக் கணக்கில் செலவெழுதுவது என்று தெரியாமல் இரண்டு வருஷம் அங்கேயே இருந்தது. ஓய்வு பெற்ற அன்று இருப்புப் பதிவேட்டில் "நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்துவிட்டு வந்தேன். உங்கள் ஆள் வந்தால், கூரை எப்படி இருக்கிறது என்று பார்த்தீர்களா என்று முதலில் கேளுங்கள். அவருக்கு ஓட்டுப் போடும் சாவடியே பெரும்பாலும் அதே பள்ளிக்கூடத்தில்தான் இருக்கும், அண்ணாந்து பார்த்தால் தெரிந்துவிடும்.